கரையிறங்காத ஆலா

1942-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தென் அட்லாண்டிக் கடலின் நடுவே இருக்கும் அசென்ஷன் தீவில் வந்திறங்கினார்கள். பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் போர் விமானங்கள் நடுவழியில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அங்கே ஓர் ஓடுதளம் தேவைப்பட்டது. வெறும் 88 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு அது. சமதளம் என்று சொல்லக்கூடிய இடம் அபூர்வம். கிடைத்த இடத்தில் பாறையை வெடிவைத்துத் தகர்த்து மூன்றே மாதத்தில் வேலையை முடித்தார்கள். ஓடுதளத்தின் ஒரு முனையிலோ ஆயிரமாயிரம் கடற்பறவைகள் தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. விமானம் கிளம்பும் இரைச்சல் கேட்டதும் அத்தனையும் ஒன்றாக எழும்பி விமானம் போகும் பாதையிலேயே சுழன்றன.

விரட்டிப் பார்த்தார்கள். பறவைகள் எழுந்தன, சற்று நேரத்தில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. கடைசியில் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சேப்பினிடம் யோசனை கேட்டார்கள். காங்கோ மயிலை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். ஓடுதளத்தை ஒட்டிய பகுதியில் இருக்கும் முட்டைகளை உடைத்துவிட்டால் பறவைகள் தாமாகவே வேறு பக்கம் போய் மறுபடி முட்டையிடும் என்பது அவர் சொன்ன வழி. அப்படியே நடந்தது. அந்த விமான நிலையத்துக்கு இன்றும் ‘வைட்அவேக்’ என்றுதான் பெயர். இரவு பகல் ஓயாமல் அந்தப் பறவைகள் எழுப்பும் குரலை வைத்துத் தீவில் வழங்கிய பெயர் அது.

பறவையியலாளர்கள் சூட்டி டெர்ன் என்று குறிப்பிடும் கரிய ஆலாதான் அந்தப் பறவை. வெப்பமண்டலக் கடல்களில் மிக அதிக எண்ணிக்கையில் வாழும் பறவைகளில் ஒன்று. அட்லாண்டிக், இந்து, பசிபிக் என மூன்று பெருங்கடல்களிலும் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஆனாலும் கடற்கரையில் நின்று தேடுபவர் கண்ணில் அது படுவது அரிது. முட்டையிடும் காலம் தவிர மற்ற நாள்களில் அது கரைக்கு வருவதே இல்லை.

நம் கடற்கரைகளிலும் உப்பளங்களிலும் சாதாரணமாகக் காணும் ஆலாக்களுக்குச் சாம்பல் முதுகும் வெள்ளை வயிறும் இருக்கும். இந்த ஆலாவின் முதுகு கரிக்கறுப்பு. உச்சந்தலையிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு, தொண்டையிலிருந்து அடிவயிறுவரை தூய வெள்ளை. நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. அது கண்ணருகே வந்து நின்றுவிடும். இதன் நெருங்கிய உறவான பிரைடில்டு டெர்ன் எனும் ஆலாவுக்கு அந்த வெள்ளை, புருவம்போலக் கண்ணைத் தாண்டி நீளும், முதுகும் சற்றுப் பழுப்பாக இருக்கும். மன்னார் வளைகுடாவில் படகில் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பிரைடில்டு ஆலாவைத்தான். கரிய ஆலாவின் அலகும் காலும் கறுப்பு. வால் ஆழமாகப் பிளந்து, ஓரத்து இறகுகள் வெண்மையாக நீண்டிருக்கும். சிறகை விரித்தால் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர். எடையோ 200 கிராம் அளவுதான், கையில் வைத்திருக்கும் கைபேசியின் எடை. பறக்கப் பழகிய இளம்பறவை வேறு இனமோ என்று எண்ணும் அளவுக்கு மாறுபட்டிருக்கும். உடல் முழுக்கக் கரும்பழுப்பு, முதுகில் மட்டும் வெளிர்நிறப் புள்ளிகள்.

கடலிலேயே காலம் கழிக்கும் ஒரு பறவை நீரில் மிதக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இது மிதக்காது. இதன் இறகுகளில் நீர்காப்புத்தன்மை போதாது. தண்ணீரில் சிறிது நேரம் உட்கார்ந்தாலும் இறகு நனைந்து ஊறிவிடும், அப்புறம் எழும்புவது கஷ்டம். கால்விரல் சவ்வும் நீந்தும் வேலைக்கு ஏற்றதாக இல்லை. ஆகவே பசி, தாகம், களைப்பு, உறக்கம் எல்லாவற்றையும் காற்றிலேயே தீர்த்துக்கொள்கிறது. பறந்தபடியே உறங்க முடியும் என்பதற்கு இன்னொரு கடற்பறவை சான்று. கலபகாஸ் தீவில் பெரும் ஃபிரிகேட் பறவைகளின் தலையில் சிறு மின்பதிவுக் கருவிகளைப் பொருத்திச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. அந்தப் பறவைகள் பறந்தபடியே ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குவதை அது காட்டியது. மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருந்த நேரமும் அதில் உண்டு. கரிய ஆலாவும் நீர்காப்பில் ஃபிரிகேட் பறவையின் கட்சிதான்.

சீஷெல்ஸ் நாட்டின் பறவைத் தீவில் இந்த ஆலாக்களின் காலில் மெல்லிய பதிவுக் கருவிகளைக் கட்டி அனுப்பினார்கள். 2017-இல் வெளியான முடிவுகள் வியப்பைத் தருகின்றன. இனப்பெருக்கம் முடிந்து அடுத்த பருவத்துக்குத் திரும்பி வருவதற்குள் இவை 50,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்திருந்தன. இந்து மாக்கடல் முழுவதும் பரவிய அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. உப்புநீர் பட்டதைப் பதிவு செய்யும் உணரி, நீர்த்தொடர்பு மொத்த நேரத்தில் நூற்றில் 4 பங்கைக்கூட எட்டவில்லை என்று காட்டியது. ஆக, நம் கிழக்குக் கடலுக்கு மேலே, கரையிலிருந்து பார்க்க முடியாத தூரத்தில், சீஷெல்ஸில் பிறந்த ஆலாக்கள் மாதக்கணக்கில் பறந்துகொண்டிருக்கின்றன.

நீரில் இறங்க முடியாத பறவை மீன் பிடிப்பது எப்படி? அதற்குச் சூரை மீன்கள் வேண்டும். சூரைக் கூட்டம் கீழிருந்து துரத்தும்போது சிறு மீன்களும் கணவாய்களும் மேல்மட்டத்துக்கு ஓடிவரும். கோலா மீன்கள் நீரைவிட்டே பாயும். அந்த நொடியில் ஆலா தாழப் பறந்து, அலகு மட்டும் நீரைத் தொடும்படி கொத்தி எடுத்துக்கொள்ளும், சில சமயம் கோலாவைக் காற்றிலேயே பிடித்துவிடும். முக்குளிப்பது அபூர்வம். கணவாய்கள் மேலே வரும் இரவு வேளையிலும் வேட்டை நடக்கும். சூரை இல்லாத கடல் இந்த ஆலாவுக்கு மூடிய பெட்டி மாதிரிதான், உள்ளே மீன் இருந்தும் எட்டாது.

இந்த உறவு மீனவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். மினிக்காய், அகத்தி போன்ற லட்சத்தீவுகளில் கம்புத் தூண்டிலில் சூரை பிடிப்பவர்கள், பறவைக்கூட்டம் எங்கே சுழல்கிறது என்று பார்த்துத்தான் படகைத் திருப்புவார்கள். பெரிய வலைக் கப்பல்கள் அதையே ரேடார் வைத்துச் செய்கின்றன. தொடுவானத்துக்கு அப்பால் சுழலும் பறவைகள் திரையில் புள்ளிகளாக விழும், கப்பல் அந்தத் திசையில் போகும். மீனைத் தேடித்தரும் பறவையின் மீன்பிடித் துணையையே அப்படி அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது உறுத்தும் உண்மை.

தரையில்லாத கடலில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும் பறவை, ஒரு சிறு தீவை எப்படிக் கண்டுபிடித்துத் திரும்புகிறது? இந்தக் கேள்வியை முதலில் சோதனையாக்கியவர்களில் ஒருவர் ஜான் பி. வாட்சன். நடத்தையியல் என்ற உளவியல் பிரிவைத் தொடங்கியவர் என்று பின்னாளில் பெயர் பெற்ற அதே வாட்சன். 1907-இல் அவர் ஃபுளோரிடாவின் தென்முனைக்கு மேற்கே இருக்கும் டிரை டார்டுகாஸ் தீவுக்கூட்டத்தில் தங்கி, கூட்டிலிருந்த சில ஆலாக்களைப் பிடித்து, அடையாள வண்ணம் பூசி, கப்பலில் ஏற்றி வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனைக்கு அருகே விடச் செய்தார். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். ஆலாக்கள் சில நாள்களில் தம் கூட்டுக்கு வந்துவிட்டன. சில ஆண்டுகள் கழித்துக் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளரோடு சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவின் மறுகரை நோக்கியும் பறவைகளை அனுப்பினார். அந்தப் பக்கம் வழியில் அடையாளம் காட்ட ஒரு தீவுகூட இல்லை. அப்படியும் திரும்பி வந்தவை உண்டு. ஒரு உளவியலாளர் மணல்திட்டில் கூடாரம் அடித்துப் பறவைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த அந்தக் கோடைகாலங்கள், விலங்கு நடத்தை ஆய்வின் வரலாற்றில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியவை.

அதே டிரை டார்டுகாஸில் பிறகு பல்லாயிரம் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டினார்கள். பறக்கத் தொடங்கிய இளம்பறவைகள் அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்கக் கடலுக்குப் போவது அதனால் தெரியவந்தது. அவை முதல்முறையாக முட்டையிடப் பிறந்த தீவுக்குத் திரும்புவது பெரும்பாலும் 6 முதல் 8 வயதில். அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே சில வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எப்படிக் கணக்குப் போட்டாலும், குஞ்சாகத் தீவைவிட்டுக் கிளம்பிய நாளுக்கும் மறுபடி தரையில் கால் வைக்கும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் போய்விடுகின்றன.

அப்படித் திரும்பி வரும் காலம்தான் இந்தப் பறவையின் வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதி. ஹவாய் தீவுகளில் ஆண்டுதோறும் வசந்தத்தில் வரும். சீஷெல்ஸில் தென்கிழக்குக் காற்று வீசத் தொடங்கியதும், ஜூன் வாக்கில் முட்டையிடும். அசென்ஷனிலோ நாள்காட்டியோடு ஒட்டாத கணக்கு. அங்கே சராசரியாக 9.6 மாதங்களுக்கு ஒருமுறை முட்டையிடுகின்றன. இந்த ஆண்டு ஜனவரியில் என்றால் அடுத்தது அக்டோபர் வாக்கில், அதற்கடுத்தது மறுஆண்டு ஆகஸ்டு வாக்கில். நான்கு ஆண்டுகளில் ஐந்து பருவங்கள். இதைப் பழைய குறிப்புகளிலிருந்து தொகுத்து 1954-இல் கட்டுரையாக எழுதியவர் நாம் முன்னே பார்த்த ஜேம்ஸ் சேப்பின். அந்தக் கால அளவு ஏறக்குறைய பத்துச் சந்திரமாதங்களுக்குச் சமம் என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

ஏன் இப்படி? 1957 முதல் 1959 வரை பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் குழுவோடு அசென்ஷனில் தங்கிய ஃபிலிப் ஆஷ்மோல் இதற்கு விடை தேடினார். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள அந்தக் கடலில் உணவு, கோடைக்குப் பெருகிக் குளிருக்கு வற்றுவதில்லை. எப்போதும் கொஞ்சம் இருக்கும், எப்போதும் குறைவாகவே இருக்கும். வசந்தம் வரட்டும் என்று பறவை காத்திருப்பதில் லாபமில்லை. ஆனால் குஞ்சை வளர்த்து முடித்த கையோடு மறுபடி முட்டையிடவும் முடியாது. நடுவில் பழைய சிறகிறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்தாக வேண்டும். பறப்பதே பிழைப்பாக இருப்பதால் ஒன்றிரண்டாகத்தான் உதிர்க்க முடியும், அதற்குப் பல மாதம் ஆகும். குஞ்சு வளர்ப்பும் இறகு மாற்றமும் சேர்ந்தால் ஒரு சுற்று. அது ஓராண்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

பசிபிக்கின் நடுவே கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த கிரிடிமாட்டி தீவுக்கும் ஆஷ்மோல் போனார். அங்கே ஆண்டுக்கு இரண்டு பருவம், ஆறு மாத இடைவெளியில். ஒரு பருவத்தில் குஞ்சை வளர்த்து ஆளாக்கிய இணை அடுத்த ஆண்டுதான் வரும். முட்டையையோ குஞ்சையோ இழந்த இணை ஆறு மாதத்திலேயே திரும்பி வந்து மறுபடி முயலும். ஒரே இனம், தீவுக்கொரு பஞ்சாங்கம். பறவையின் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை ஒவ்வொரு கடலும் தன் போக்குக்குத் திருப்பி வைத்திருக்கிறது.

பருவம் நெருங்கும்போது முதலில் வருவது ஓசைதான். முட்டையிடுவதற்குப் பல வாரங்கள் முன்பே இரவு நேரத்தில் தீவின் மேல் ஆலாக்கள் கூடிச் சுழலும், கத்தும், விடியும் முன் கடலுக்குப் போய்விடும். நாளுக்கு நாள் கூட்டம் பெருகி, தாழ இறங்கி, ஒருநாள் தரையைத் தொடும். அதன்பின் எல்லாம் வேகம். சில நாள்களுக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணலிலோ எரிமலைச் சரளையிலோ மார்பை அழுத்திச் சுழன்று ஏற்படுத்திய சிறு குழி. இரண்டு பறவைகள் கழுத்தை நீட்டினால் ஒன்றையொன்று கொத்தக்கூடிய தூரம்தான் அண்டை வீட்டுக்கு இடைவெளி.

ஒரே ஒரு முட்டை. வெளிர்நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகளும் கறைகளும் சிதறியிருக்கும். தாயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ 28 முதல் 30 நாள் அடைகாக்க வேண்டும், தாயும் தந்தையும் மாறி மாறி உட்காரும். அடைகாப்பது என்றால் சூடேற்றுவது என்று பொருளல்ல இங்கே. நண்பகலில் கருஞ்சரளை காலை வைக்க முடியாத அளவுக்குக் காயும். முட்டையை வெயிலில் விட்டால் உள்ளே இருக்கும் கரு கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். ஆகவே பறவை முட்டையின் மேல் லேசாக எழுந்து நின்று, சிறகுகளை உடம்பிலிருந்து சற்றுத் தளர்த்தி, அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி நிழல் கொடுக்கும். கடலுக்குப் போன துணை வரச் சில நாள்கள்கூட ஆகலாம். அதுவரை அதே இடம், உணவில்லை, நீரில்லை. துணை வந்ததும் மேலே வட்டமிட்டுக் கூப்பிடும். அத்தனை ஆயிரம் குரல்களுக்கு நடுவே கீழிருந்து ஒரே ஒரு பறவை பதில் கொடுக்கும்.

பொரிந்த குஞ்சு சரளையின் நிறத்தில் இருக்கும். ஓரிரு நாள்களில் எழுந்து நடந்து புதர் நிழலோ கல்லிடுக்கோ தேடிப் போகும். பெற்றோர் அதைக் குரலால் அடையாளம் காண்கிறார்கள். தவறான பறவையிடம் உணவு கேட்டுப் போகும் குஞ்சுக்குக் கிடைப்பது கொத்துதான். சில குஞ்சுகள் அந்தக் கொத்தில் செத்தும் போகும். வயிற்றில் சேமித்துக் கொண்டுவந்த மீனையும் கணவாயையும் கக்கி ஊட்டுவார்கள். குஞ்சு பறக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகும்.

குளிர்நாடுகளின் சாதா ஆலாவோடு இதை ஒப்பிட்டால் கடலின் வித்தியாசம் புரியும். அது மூன்று முட்டை இடும், குஞ்சுகள் ஒரு மாதத்துக்குள் பறந்துவிடும், பெற்றோர் கரையோரத்திலேயே மீன் கொத்திக்கொண்டு வந்து நிமிடக் கணக்கில் ஊட்டுவார்கள். கரிய ஆலா ஒரு வேளை உணவுக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. ஒரு குஞ்சுக்கு மேல் அதனால் தாங்காது. பெருங்கூட்டமாக வாழும் பறவைகள் தம் தீவைச் சுற்றியுள்ள கடலில் இரையைத் தாங்களே குறைத்துவிடுகின்றன, அதனால்தான் மேலும் மேலும் தொலைவு போக நேர்கிறது என்று ஆஷ்மோல் 1963-இல் எழுதினார். அறிவியலாளர்கள் அதை ‘ஆஷ்மோல் வளையம்’ என்று குறிப்பிட்டார்கள். நேரடிச் சான்று கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அசென்ஷனைச் சுற்றிய கடலில் கோலா மீன்களை எண்ணிய ஆய்வு 2021-இல் வெளியானது. தீவிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால்வரை கோலாக்கள் குறைந்திருந்தன.

இத்தனை கணக்கான வாழ்க்கையில் மனிதர் கொண்டுவந்து சேர்த்தது பூனை. நெப்போலியனைச் செயின்ட் ஹெலினாவில் சிறைவைத்த 1815-இல் பிரிட்டிஷ் படை அசென்ஷனிலும் காவலுக்கு இறங்கியது. எலியை ஒழிக்க வந்த பூனைகள் காட்டுப்பூனைகளாகப் பெருகிப் பறவைகளைத் தின்றன. மற்ற கடற்பறவைகளில் பெரும்பாலானவை கரையோரப் பாறைகளுக்கும் போட்ஸ்வைன்பேர்டு என்ற குட்டித் தீவுக்கும் ஒதுங்கின. கரிய ஆலா மட்டும் பெரிய எண்ணிக்கையில் பிரதான தீவிலேயே நீடித்தது. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் வந்திறங்குவதால் பூனைகள் தின்று மாளவில்லை, பறவைகள் கடலுக்குப் போய்விடும் மாதங்களில் பூனைகளுக்கு இரையில்லை. கூட்டமும் காலக்கெடுவும்தான் அதைக் காப்பாற்றின.

2002-இல் தொடங்கிய பூனை ஒழிப்புப் பணி வெற்றி பெற்று, 2006-இல் தீவு பூனையற்றதாக அறிவிக்கப்பட்டது. 2012-இல் அசென்ஷன் ஃபிரிகேட் பறவை ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் பிரதான தீவில் முட்டையிட்டது. ஆலாக்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குத் துள்ளி எழவில்லை, சுமார் 2 லட்சம் இணைகளோடு நிற்கிறது. எலிகள் இன்னும் இருக்கின்றன. நம் வீட்டு முற்றத்தில் திரியும் அதே மைனாவும் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டு, இன்று ஆலா முட்டைகளை ஓட்டை போட்டுக் குடிக்கிறது.

கடலே கைவிடும் ஆண்டுகளும் உண்டு. 1982 நவம்பரில் பறவை ஆய்வாளர்களான ரால்ஃப், எலிசபெத் ஷ்ரைபர் தம்பதி கிரிடிமாட்டிக்குப் போனபோது, லட்சோப லட்சம் பறவைகள் இருந்த தீவு ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. வலுவான எல் நினோ கடலைச் சூடாக்கியிருந்தது. கீழிருந்து ஏறிவரும் குளிர்ந்த சத்துநீர் நின்றுபோய், மீன் கூட்டங்கள் கலைந்துவிட்டன. கைவிடப்பட்ட குஞ்சுகள் பட்டினியால் செத்தன. ஆனால் பெரியவை பெரும்பாலும் பிழைத்தன. 30 ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய பறவைக்கு ஒரு பருவம் தவறுவது பேரிழப்பல்ல, அடுத்த ஆண்டுகளில் திரும்பி வரும். பருவங்கள் அடுத்தடுத்துத் தவறும்போதுதான் ஆபத்து.

இந்தியாவில் இந்த ஆலா முட்டையிடும் இடம் என்று முதலில் சொல்ல வேண்டியது லட்சத்தீவின் பித்தி. கவரத்தியிலிருந்து 24 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1.2 ஹெக்டேர் பரப்புள்ள மணல்திட்டு, மனிதர் குடியில்லை. கரிய ஆலாக்களோடு பழுப்பு நாடி என்ற இன்னொரு ஆலாவும் பெரிய கொண்டை ஆலாவும் அங்கே முட்டையிடுகின்றன. 1995-இல் பறவைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-இல் அதைச் சுற்றிய 62 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியும் பி.எம். சயீது பெயரில் கடற்பறவைக் காப்பகமாயிற்று. மணலைக் காப்பது முதல் வேலை, அது நடந்திருக்கிறது. முட்டைக்கு அது போதும், குஞ்சின் வாயில் வந்து விழும் மீனுக்குப் போதாது. அந்த மீன் காப்பக எல்லைக்கு வெகு அப்பால், சூரை திரியும் கடலிலிருந்து வருகிறது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் படகுகளும் லட்சத்தீவுப் படகுகளும் தொழில் செய்யும் கடல் அது. அசென்ஷன் தீவு இதே கேள்விக்கு 2019-இல் ஒரு விடை கண்டது. தன்னைச் சுற்றியுள்ள 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலில் வணிக மீன்பிடிப்பை முற்றிலும் நிறுத்திவிட்டது. மீன்பிடித்தே வாழும் லட்சத்தீவில் அந்த விடையை அப்படியே நகலெடுக்க முடியாது. கம்புத் தூண்டிலுக்கு இடம் கொடுத்து, சூரைக்கூட்டத்தை வளைத்து அள்ளும் பெரிய வலைகளை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு முடியும். கம்புத் தூண்டில்காரர்களும் இந்த ஆலாவும் தேடுவது ஒரே சூரைக்கூட்டத்தைத்தான்.